அழையா விருந்தாளிகளின் நகரம்: எடின்பரோ ஃபிரிஞ்ச் விழாவும் தீராத இருமனமும்

ஆகஸ்ட் மாதம் வந்துவிட்டால் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோ தன் அன்றாட முகத்தை இழந்துவிடுகிறது. 5 லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட அந்நகரில், மூன்று வார காலத்துக்குத் தேவாலயக் கூடங்கள், பல்கலைக்கழக விரிவுரை அறைகள், மதுக்கடைகளின் நிலவறைகள் என இடம் கிடைக்கும் மூலைகளெல்லாம் அரங்குகளாகின்றன. 2019ஆம் ஆண்டில் மட்டும் 3,841 நிகழ்ச்சிகள் நடந்தன. வழங்கப்பட்ட நுழைவுச்சீட்டுகளின் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. நாடகம், இசை, நடனம், சர்க்கஸ் எல்லாம் உண்டெனினும், கடந்த பல ஆண்டுகளாக அவ்விழாவின் முகமாக இருப்பது நகைச்சுவை.

இந்த எண்ணிக்கைகளைவிடவும் வியப்பளிப்பது அவ்விழாவின் ஒற்றை விதி. எடின்பரோ ஃபிரிஞ்ச் விழாவுக்குத் தேர்வுக் குழு கிடையாது. ஓர் அரங்கம் இடந்தர இசைந்து, பதிவுக் கட்டணமும் செலுத்தப்பட்டுவிட்டால், எவரும் அதில் பங்கேற்கலாம். தகுதியை அளக்கும் அதிகாரம் விழா அமைப்புக்கு இல்லை. கலையுலகில் இத்தகைய ஏற்பாடு அரிது. அதே வேளையில், உலகின் மிகச் செலவுமிக்க கலைமேடைகளுள் ஒன்றாகவும் அது மாறியிருக்கிறது. கலைஞர்கள் கடன்பட்டு வருகிறார்கள். நகரத்தார் பலர் அந்த மாதத்தில் ஊரைவிட்டு வெளியேறவே விரும்புகிறார்கள். இவ்விழாவைப் பற்றிப் பேசுவோரில் பெரும்பாலோர் ஒரே மூச்சில் புகழ்ந்தும் புலம்பியும் பேசுவது இதனால்தான்.

இந்த இருமனம் அண்மைக்காலத்தது அன்று என்பதே இப்பதிவில் நான் சொல்ல விழைவது. அது விழாவோடு உடன்பிறந்தது. யார் உள்ளே, யார் வெளியே என்ற வினாவுக்கு 1947 முதல் அந்நகரம் தந்த வெவ்வேறு விடைகளின் வரலாறாகவே ஃபிரிஞ்சின் கதையை வாசிக்க முடியும். சற்று நீண்ட பதிவு; பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

1947: எட்டுக் குழுக்கள்

இரண்டாம் உலகப்போர் முடிந்து ஈராண்டுகள் ஆகியிருந்தன. பிரிட்டனில் பங்கீட்டு முறை இன்னும் நீங்கவில்லை. வியன்னாவில் பிறந்தவரும், நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறியவரும், இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் இசைநாடக அரங்கின் மேலாளருமான ரூடால்ஃப் பிங், சிதறிக் கிடந்த ஐரோப்பியக் கலைஞர்களை ஓரிடத்தில் கூட்டும் விழா ஒன்றைக் கனவு கண்டார். குண்டுவீச்சில் பெருஞ்சேதம் அடையாததும், போதிய அரங்குகளும் தங்குமிடங்களும் உடையதுமான எடின்பரோ அதற்கு ஏற்ற நகரமாகத் தோன்றியது. பிரிட்டிஷ் கவுன்சிலைச் சேர்ந்த ஹென்றி ஹார்வி வுட், நகரத் தலைவர் சர் ஜான் ஃபால்கனர் ஆகியோரின் முயற்சியும் சேர, 1947 ஆகஸ்டில் எடின்பரோ பன்னாட்டு விழா தொடங்கியது. 1938இல் நாஜிகளால் பிரிக்கப்பட்ட இசைநடத்துநர் புரூனோ வால்டரும் வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவினரும் அவ்விழாவில் மீண்டும் ஒன்றுகூடினர். எரிபொருள் தட்டுப்பாட்டைக் காட்டி நகரக் கோட்டைக்கு ஒளியூட்ட அமைச்சர் மறுத்தபோது, நகரமக்கள் தங்கள் பங்கு நிலக்கரியைக் கொடுக்க முன்வந்தனர். அவ்விழாவின்மீது மக்களுக்கு எத்துணைப் பற்று இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால், அந்த முதல் நிகழ்ச்சி நிரலில் ஸ்காட்லாந்தின் நாடகத்துக்கு இடமில்லை. உலகத்தரம் என்ற அளவுகோல் வகுக்கப்பட்டபோது உள்ளூர் அதற்கு வெளியே நின்றது. இந்நிலையில்தான் எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பின்றியே வந்து, தாமே இடம்தேடி நாடகம் நிகழ்த்தின. ஆறு ஸ்காட்லாந்துக் குழுக்கள். இரண்டு இங்கிலாந்திலிருந்து வந்தவை. அவற்றுள் ஒரு நாடகம் எடின்பரோவிலேயே அன்று, ஃபோர்த் கழிமுகத்துக்கு அப்பால் உள்ள டன்ஃபர்ம்லின் மடாலயத்தில் நடந்தது. நடத்தப்பட்டவை யாவும் புரட்சி நாடகங்கள் அல்ல. கிளாஸ்கோ யூனிட்டி என்ற இடதுசாரிக் குழு கார்க்கியின் நாடகத்தை நிகழ்த்தியது. இன்னொரு குழு டி.எஸ். எலியட்டின் சமயச் சார்புள்ள நாடகத்தை நிகழ்த்தியது; பொம்மலாட்டமும் இருந்தது. கொள்கையாலோ அழகியலாலோ அவை ஒன்றுபட்டவை அல்ல. அழைக்கப்படாமை ஒன்றே அவற்றுக்குப் பொதுவானது.

இந்த வேறுபாட்டைக் கருத்தில் கொள்வது நல்லது. பின்னாளில் எழுதப்பட்ட விழா வரலாறுகள் அந்த எட்டுக் குழுக்களைக் கலகக்காரர்களாகச் சித்திரிப்பதுண்டு. அவர்கள் விழாவை எதிர்க்க வரவில்லை. விழாவுக்காகத் திரண்ட கூட்டத்தை நம்பி வந்தனர். ஃபிரிஞ்சின் சுதந்திரமும் அதன் வணிகமும் ஒரே நாளில் பிறந்தவை என்றே கொள்ள வேண்டும்.

ஒரு சொல்லின் பயணம்

மறு ஆண்டு, 1948இல், நாடகாசிரியரும் இதழாளருமான ராபர்ட் கெம்ப், எடின்பரோ மாலை நாளிதழில் எழுதிய கட்டுரையில், அதிகாரபூர்வ விழா நாடகங்களின் ‘ஃபிரிஞ்ச்’ பகுதியில் தனியார் முயற்சிகள் முன்னைவிடப் பெருகியிருப்பதாகக் குறிப்பிட்டார். விழாவின் பெயர் அங்கிருந்து வந்தது.

மொழியியல் படித்தவர்களுக்கு இப்பெயர் சுவையான சான்று. ஃபிரிஞ்ச் என்பது துணியின் ஓரத்தில் தொங்கும் நூற்குஞ்சத்தைக் குறிக்கும் சொல். அதிலிருந்து விளிம்பு, ஓரம் என்ற பொருள்கள் விரிந்தன. துணி இல்லாமல் குஞ்சம் இல்லை. அதாவது, அது பிறிதொன்றைச் சார்ந்தே பொருள் தரும் சொல். எதன் விளிம்பு என்ற கேள்விக்கு விடையில்லாமல் விளிம்பு இருக்க இயலாது. ஆனால், பொதுப்பெயர் தனிப்பெயராகும்போது இந்தச் சார்பு அற்றுப்போகிறது. இன்று உலகின் பல நகரங்களில் ஃபிரிஞ்ச் என்ற பெயரிலேயே விழாக்கள் நடக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு அருகே எந்த மைய விழாவும் கிடையாது. எடின்பரோவுக்குச் செல்வோரிலும் பலர், பன்னாட்டு விழா என்ற ஒன்று அதே மாதத்தில் நடப்பதை அறியார். குஞ்சம் துணியைவிடப் பெரிதாகிவிட்டது.

தமிழ் ஆய்வுலகில் ‘விளிம்புநிலை’ என்ற சொல்லுக்கு நேர்ந்ததையும் இங்கு நினைத்துப் பார்க்கலாம். அதிகாரத்தோடு ஒருவருக்குள்ள உறவைச் சுட்ட எழுந்த அச்சொல், இன்று சில வேளைகளில் ஒரு பாடப்பிரிவின் பெயராக, கருத்தரங்கத் தலைப்பாக மட்டும் நின்றுவிடுவதைப் பார்க்கிறோம். பெயர் நிலைபெறும்போது அது சுட்டிய உறவு மறைகிறது. ஃபிரிஞ்சின் எழுபது ஆண்டு வரலாறு இதற்கு நல்லதொரு எடுத்துக்காட்டு.

கெம்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 1948இல் பன்னாட்டு விழாவின் பெருவெற்றி, பதினாறாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக் கவிஞர் சர் டேவிட் லிண்ட்சேயின் ‘மூன்று அங்கத்தவர்’ என்ற அங்கத நாடகம். திருச்சபையின் பேரவைக் கூடத்தில், டைரோன் கத்ரியின் இயக்கத்தில், ஸ்காட்ஸ் மொழியில் அது அரங்கேறியது. நாடகத்தை அரங்குக்கு ஏற்றவாறு சுருக்கித் தந்தவர் இதே ராபர்ட் கெம்ப். மோலியேரின் நாடகத்தை ஸ்காட்ஸ் மொழியில் ஆக்கியவரும் அவரே. ஆக, விளிம்புக்குப் பெயரிட்டவர் விளிம்பில் நின்றவர் அல்லர். ஆங்கிலத்தின் வட்டார வழக்கு என ஒதுக்கப்பட்டு வந்த தம் மொழியை மைய விழாவின் மேடைக்குக் கொண்டுசென்றவர். வாயிலைத் திறக்க இரண்டு வழிகள் உண்டு என்பதை அந்த ஓராண்டே காட்டிவிட்டது. வெளியே தனி மேடை அமைப்பது ஒன்று. உள்ளே இருப்பதன் இலக்கணத்தை மாற்றுவது மற்றொன்று. வரலாறு முதல் வழிக்கே விழா எடுத்தது.

நிலைக்காத இரண்டு விளிம்புகள்

ஃபிரிஞ்சின் வெற்றிக்கதையில் அடிக்குறிப்பாகவே வரும் இரண்டு முயற்சிகள் உள்ளன. என் பார்வையில் இவ்வரலாற்றின் மிக முக்கியமான பக்கங்கள் அவையே.

முதலாவது, 1951இல் தொடங்கிய எடின்பரோ மக்கள் விழா. கவிஞரும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளருமான ஹேமிஷ் ஹெண்டர்சனும் தொழிற்சங்க, இடதுசாரி இயக்கத் தோழர்களும் சேர்ந்து அதை நடத்தினர். பன்னாட்டு விழாவின் நுழைவுச்சீட்டு உழைக்கும் மக்களுக்கு எட்டாதது. அதன் கலையும் அவர்களுக்கு அந்நியமானது என்பது அவர்களின் குறை. 1951 ஆகஸ்ட் இறுதியில் ஆட்ஃபெலோஸ் கூடத்தில் அவர்கள் ஏற்பாடு செய்த பாட்டரங்கில், பாரா தீவின் ஃப்ளோரா மெக்னீலும் கேலம் ஜான்ஸ்டனும் கேலிக் மொழியில் பாடினர். வடகிழக்குக் கரையின் மீன் விற்கும் பெண்ணான ஜெஸ்ஸி மர்ரே, ஊர்சுற்றிப் பாடகரான ஜிம்மி மக்பெத், வேளாண்மை செய்துவந்த ஜான் ஸ்ட்ராகன் ஆகியோர் ஸ்காட்ஸ் மொழிக் கதைப்பாடல்களைப் பாடினர். அமெரிக்க நாட்டாரிசை ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் அதை ஒலிப்பதிவு செய்தார். அப்பதிவு இன்றும் கிடைக்கிறது.

தம் வீட்டிலும் வயலிலும் பாடப்பட்டு வந்தவற்றை நகரத்துப் பொதுமேடையில், எந்தத் திருத்தமும் இன்றி, அவற்றின் உரிமையாளர்களே பாடிக் கேட்டது அக்கூட்டத்தில் பலருக்கு முதல் அனுபவம். ஸ்காட்லாந்தின் நாட்டாரிசை மறுமலர்ச்சியின் தொடக்கப்புள்ளிகளுள் ஒன்றாக அவ்விரவு கருதப்படுகிறது. அதே 1951இல்தான் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்காட்லாந்து ஆய்வுகளுக்கான புலம் நிறுவப்பட்டது. ஹெண்டர்சன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். களத்தில் பாடல் தொகுப்பவரும், அப்பாடலுக்கு மேடை அமைப்பவரும், அதைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவருபவரும் ஒருவராகவே இருந்தது நம்மைப் போன்றோர் கருதத்தக்கது.

பனிப்போர்க் காலத்தின் ஐயம் அவ்விழாவை விட்டுவைக்கவில்லை. கம்யூனிஸ்டுகளின் முன்னணி அமைப்பு எனக் குற்றஞ்சாட்டி, 1952இல் ஸ்காட்லாந்தின் தொழிற்சங்கக் காங்கிரஸ் அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஆதரவு வற்றியது, 1954இல் மக்கள் விழா முடிவுக்கு வந்தது.

இரண்டாவது முயற்சி, நகரின் உண்மையான விளிம்பில் நிகழ்ந்தது. எடின்பரோவின் தென்கிழக்கில், நகர மையத்தின் சேரிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் குடியமர்த்துவதற்கென உருவானது கிரெய்க்மில்லர் குடியிருப்பு. அங்கு வாழ்ந்த ஹெலன் கிரம்மி என்ற தாய், தம் மகனுக்கு வயலின் கற்றுத்தர முடியுமா எனப் பள்ளியில் கேட்டார். இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கவே நேரம் போதவில்லை என்ற பொருள்பட விடை வந்தது. அப்பகுதித் தாய்மார்கள் ஒன்றுகூடி 1962இல் கிரெய்க்மில்லர் விழா அமைப்பைத் தொடங்கினர். தங்கள் பகுதியின் வரலாற்றைத் தாங்களே நாடகமாக்கினர், தாங்களே நடித்தனர். கலைவிழாவாகத் தொடங்கிய அது, வேலைவாய்ப்பு, வீட்டுவசதி, முதியோர் நலன் என விரிந்து, மக்கள் பங்கேற்புக்கு உலகளவில் சுட்டப்படும் எடுத்துக்காட்டாயிற்று.

ஃபிரிஞ்ச் என்ற பெயரைத் தாங்கிய விழா, நகரின் நட்ட நடுவே உள்ள ராயல் மைல் வீதியில் செழித்தது. பெயரளவில் அன்றி நிலவியலிலும் பொருளியலிலும் விளிம்பில் இருந்தவர்கள் தொடங்கிய விழா வேறொன்றாக இருந்தது. மூன்று விளிம்புகளுள் நிலைத்தது ஒன்றே. அது நிலைத்தமைக்குக் கொள்கை வலிமை மட்டும் காரணம் அன்று. சந்தையோடு பொருந்திப்போகும் இயல்பும் காரணம்.

விதியும் விதிவிலக்கும்

1958இல் ஃபிரிஞ்ச் சங்கம் உருவானது. நிகழ்ச்சி நிரல் அச்சிடுவதும், நுழைவுச்சீட்டு விற்பதும், கலைஞர்களுக்கு வழிகாட்டுவதும் அதன் பணிகள். நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுப்பதோ தணிக்கை செய்வதோ தன் வேலையன்று என்பதை அது தொடக்கத்திலேயே தன் அமைப்புவிதியாக ஏற்றது. நாடகப் பிரதிகள் அரசவை அதிகாரியான லார்ட் சேம்பர்லினின் முன் அனுமதியைப் பெற்றாக வேண்டும் என்ற சட்டம் பிரிட்டனில் 1968வரை நடைமுறையில் இருந்தது என்பதை நினைவிற்கொண்டால், அவ்விதியின் துணிவு புரியும்.

1960இல் மைய விழாவே விளிம்பைப் போலச் செய்தது. ஆலன் பென்னட், பீட்டர் குக், ஜோனதன் மில்லர், டட்லி மூர் ஆகிய நால்வர் லைசியம் அரங்கில் நிகழ்த்திய ‘பியாண்ட் த ஃபிரிஞ்ச்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சி, பிரிட்டனின் அரசியல் அங்கதத்துக்குப் புதுப்பாதை வகுத்தது. பலரும் எண்ணுவதுபோல அது ஃபிரிஞ்ச் நிகழ்ச்சி அன்று. ஃபிரிஞ்சின் இரவுநேர நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்குப் போட்டியாக அதிகாரபூர்வ விழா ஏற்பாடு செய்தது. தலைப்பில் உள்ள குறும்பு அதுவே. விளிம்பின் மொழியை மையம் கடன்பெற்று, விளிம்பையும் தாண்டிவிட்டதாக அறிவித்துக்கொண்டது.

1966இல் கிரான்ஸ்டன் வீதியில் உள்ள ஒரு கூடத்தில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் குழு, டாம் ஸ்டாப்பர்டு என்ற அதிகம் அறியப்படாத எழுத்தாளரின் நாடகத்தை அரங்கேற்றியது. ஹாம்லெட்டின் இரு சிறு பாத்திரங்களை நாயகர்களாக்கிய அந்நாடகம், ஒரே ஒரு செய்தித்தாள் விமரிசனத்தின் வழியாகக் கவனம் பெற்று, மறு ஆண்டே லண்டனில் தேசிய நாடக அரங்கின் மேடையேறியது. ஸ்டாப்பர்டு பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். எந்தத் தேர்வுக் குழுவின் முன்னும் நிற்காமல் ஒரு நாடகம் உலகை அடைய முடியும் என்ற ஃபிரிஞ்சின் நம்பிக்கைக்கு அதுவே மூலக்கதையாயிற்று.

ஆயினும், அம்மூலக்கதைகளைச் சற்று உற்று நோக்க வேண்டும். 1960இன் நால்வரும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பயின்றவர்கள். ஸ்டாப்பர்டின் நாடகத்தைக் கொண்டுவந்தது ஆக்ஸ்ஃபோர்டு குழு. 1981இல் தொடங்கப்பட்ட எடின்பரோ நகைச்சுவை விருதை முதன்முதலில் பெற்றவர்கள் கேம்பிரிட்ஜின் ஃபுட்லைட்ஸ் குழுவினர். ஸ்டீவன் ஃப்ரை, ஹியூ லாரி, எம்மா தாம்சன் ஆகியோர் அதில் இருந்தனர். 2017இல் ஃபிரிஞ்சில் தொடங்கி உலகெங்கும் சென்ற ‘சிக்ஸ்’ இசைநாடகமும் கேம்பிரிட்ஜ் மாணவர்களின் ஆக்கம். இவர்களின் திறமையை ஐயுறுவது என் நோக்கமன்று. வாயிலில் காவலர் இல்லை என்பதனால் மட்டும் எல்லோரும் வாயில்வரை வந்துவிட முடிவதில்லை என்பதையே இது காட்டுகிறது. விழா செய்யாத தேர்வை, விழாவுக்கு வெகு முன்னரே வேறு நிறுவனங்கள் செய்துவிடுகின்றன.

ஏன் நகைச்சுவை?

1980களில் விழாவின் அமைப்பு மாறியது. அதுவரை ஒரு குழு ஒரு கூடத்தைப் பிடித்து நாடகம் நடத்தும்; அதுவே பொதுவான முறை. 1981 முதல் அசெம்பிளி, 1985 முதல் பிளெசன்ஸ், 1986 முதல் கில்டட் பலூன் எனப் பல அறைகளைக் கொண்ட பெருவளாகங்கள் தோன்றின. 2000த்தில் அண்டர்பெல்லியும் சேர்ந்தது. ஒரே அறையில் காலை முதல் நள்ளிரவு வரை நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடக்கும். ஒரு நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். முடிந்ததும் சில நிமிடங்களில் மேடையைக் காலிசெய்ய வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் எந்தக் கலைவடிவம் செழிக்கும் என்பது கணிக்கக்கூடியதே. பன்னிரண்டு நடிகர்களும் அரங்கப் பொருள்களும் உள்ள நாடகத்துக்குத் தங்குமிடச் செலவே பெருஞ்சுமை. தனிநபர் நகைச்சுவைக்கு ஓர் ஆளும் ஓர் ஒலிவாங்கியும் போதும். 2008இல், நிகழ்ச்சி நிரலில் நகைச்சுவைப் பிரிவு முதன்முறையாக நாடகப் பிரிவை விஞ்சியது. அதே ஆண்டு மேற்சொன்ன நான்கு பெருவளாகங்களும் எடின்பரோ நகைச்சுவை விழா என்ற கூட்டு அடையாளத்தை அறிவித்தன. விளிம்புக்குள் ஒரு புதிய மையம் உருவாகிவிட்டதாகப் பலர் கண்டித்தனர். ஃபிரிஞ்ச் சங்கத்தின் புதிய நுழைவுச்சீட்டு விற்பனைக் கணினி முறை செயலிழந்ததும் அவ்வாண்டில்தான்.

நகைச்சுவையை இழிந்த கலையாகக் கருதி இதைச் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேர வரையறை நகைச்சுவைக்கும் நன்மை செய்தது. மதுக்கூடங்களில் இருபது நிமிடத் துணுக்குகளாக இருந்த வடிவம், தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் கொண்ட தனியுரையாக முதிர்ந்தது. 2013இல் நிலவறை அரங்கொன்றில் ஃபீபி வாலர்-பிரிட்ஜ் தனியொருவராக நிகழ்த்திய ‘ஃப்ளீபேக்’, 2017இல் நகைச்சுவை விருதைப் பகிர்ந்துகொண்ட ஹன்னா கேட்ஸ்பியின் ‘நானெட்’, 2019இல் ரிச்சர்ட் கேட் நிகழ்த்திய ‘பேபி ரெய்ன்டீர்’ ஆகியவை சிரிப்பிலிருந்து துயரத்துக்கும் சினத்துக்கும் நகர்ந்த படைப்புகள். நகைச்சுவைக்கும் தன்வரலாற்றுக்கும் நாடகத்துக்கும் இடையிலான எல்லையை அவை அழித்தன. பொருளாதார நெருக்கடி ஒரு கலைவடிவத்தைச் சுருக்கவும் செய்யும், செறிவாக்கவும் செய்யும் என்பதற்கு ஃபிரிஞ்ச் சான்று.

யார் செலுத்துகிறார்கள்?

அச்செறிவின் விலை யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதே இன்றைய பூசல். கலைஞர் பதிவுக் கட்டணம் செலுத்துகிறார். அரங்கத்துக்கு முன்பணமோ குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையோ தருகிறார். சீட்டு வருமானத்தில் ஒரு பங்கையும் விட்டுக்கொடுக்கிறார். சுவரொட்டி, துண்டறிக்கை, விளம்பரம் ஆகியவை அவர் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆகஸ்ட் மாத வாடகை. அரங்கு நிறைந்தாலும் நட்டத்தோடு திரும்புவோர் மிகுதி. மையமாய் உள்ள தேர்வுக் குழுவை நீக்கிய இடத்தில் வாடகை வந்து அமர்ந்துகொண்டது. தேர்வுக் குழுவிடமாவது ஏன் மறுத்தீர் என்று கேட்கலாம்; வாடகையிடம் அக்கேள்விக்கு இடமில்லை.

நகரத்தாரின் மனக்குறை வேறு. விழாவின்போது பெருமளவு அறைகள் குறுகியகால வாடகைக்குச் செல்வதால் வீடு கிடைப்பது அருமையாகிறது. 2022இல் நகரம் முழுவதும் குறுகியகால வாடகைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. தங்கும் கட்டணத்தின்மீது 5 சதவீத வருகையாளர் வரி விதிக்க நகரமன்றம் 2025 ஜனவரியில் முடிவெடுத்தது. 2026 ஜூலை 24 முதல் தங்குவோருக்கு அது பொருந்தும். அவ்வரி வருமானத்தில் எவ்வளவு குடியிருப்போருக்கு, எவ்வளவு மீண்டும் விழாக்களுக்கே என்ற விவாதமும் உடன் எழுந்தது. 2022 ஆகஸ்டில் நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தபோது, உலகப் பாரம்பரியச் சின்னமான பழைய நகரத்தின் வீதிகளில் குப்பை மலைபோல் குவிந்தது. சுவரொட்டிகளில் சிரிக்கும் முகங்கள். அவற்றின் கீழே நிரம்பி வழியும் தொட்டிகள். விழாவின் கணக்கில் எழுதப்படாத உழைப்பு எது என்பதை அந்த இரண்டு வாரங்கள் எல்லோருக்கும் காட்டின.

பல்கலைக்கழகங்களில் இருக்கும் நமக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. ஃபிரிஞ்சின் முக்கிய வளாகங்களில் பல, எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு உரிய கட்டடங்கள். மொழியியலும் மெய்யியலும் கற்பிக்கப்படும் அறைகள் ஆகஸ்டில் அரங்குகளாகின்றன. 1951இல் நாட்டாரிசைக்கு இடந்தந்த அதே பல்கலைக்கழகம், இன்று விழாவுக்கு இடம் வாடகைக்குத் தரும் பெருநிறுவனமும் ஆகும்.

இருமனத்தோடு இருத்தல்

இவ்வளவு சொன்னபின் விழாவை நிராகரித்துவிடுவது எளிது. எனக்கு அது இயலவில்லை. காரணம், அவ்விதி இன்னும் உயிரோடு இருப்பதுதான். 1996இல் பீட்டர் பக்லி ஹில் என்ற நகைச்சுவையாளர், இலவச ஃபிரிஞ்ச் என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். மதுக்கடை உரிமையாளர் கலைஞரிடம் வாடகை வாங்குவதில்லை. கலைஞர் பார்வையாளரிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. இறுதியில் வாளி ஒன்று நீட்டப்படும், விருப்பமுள்ளோர் போடலாம். ஃபிரிஞ்சுக்கே ஒரு விளிம்பு தோன்றியது. தேர்வுக் குழு இருந்திருந்தால் இதற்கும் அனுமதி கேட்க வேண்டியிருந்திருக்கும்.

2023இல் சிறந்த புதுமுகத்துக்கான எடின்பரோ நகைச்சுவை விருதை மும்பையின் உரூஜ் அஷ்ஃபாக் பெற்றார். அவர் திறமை பற்றி எனக்கு ஐயமில்லை. எனினும், கடவுச்சீட்டு, நுழைவிசைவு, பயணச் செலவு, ஆங்கிலம் ஆகிய நான்கு வாயில்களையும் கடந்த பிறகே, வாயிற்காவலர் இல்லாத அந்த வாயிலை ஓர் இந்தியர் அடைய முடியும். கேலிக் பாடிய ஃப்ளோரா மெக்னீலுக்கு 1951இல் மேடை கிடைத்தது, எவரும் வரலாம் என்று யாரோ அறிவித்ததனால் அன்று. அவரைத் தேடி, அழைத்துவந்து, அமரவைத்தவர்கள் இருந்ததனால்.

ஆய்விதழ்களில் ‘திறந்த அணுகல்’ என்ற சொற்றொடர் இன்று நமக்கு அன்றாடம். ஃபிரிஞ்சும் தன்னைத் திறந்த அணுகல் விழா என்றே அழைத்துக்கொள்கிறது. வாசகருக்கு இலவசமாகத் திறக்கும் பல இதழ்கள், கட்டுரையாளரிடம் ஓர் ஆய்வு மாணவரின் பல மாத உதவித்தொகைக்கு ஈடான கட்டணத்தைக் கேட்கின்றன. கதவு திறந்தே இருக்கிறது. வாசற்படியின் உயரம்தான் கூடியிருக்கிறது. இரண்டிடத்திலும் நாம் கேட்க வேண்டியது ஒன்றே. தடுப்பவர் இல்லை என்பதோடு நிற்காமல், வர இயலாதவரை அழைத்துவரும் பொறுப்பு யாருடையது என்று கேட்க வேண்டும்.

எட்டுக் குழுக்களின் துணிவை ஃபிரிஞ்ச் ஆண்டுதோறும் கொண்டாடுகிறது, கொண்டாடத்தான் வேண்டும். ஆட்ஃபெலோஸ் கூடத்தின் பாடகர்களையும், கிரெய்க்மில்லரின் தாய்மார்களையும் அதே வரலாற்றின் பகுதியாகப் படிக்கும்போதுதான் விளிம்பு என்ற சொல் தன் பொருளை மீட்டுக்கொள்ளும். நம் வளாகங்களில் விழாக்கள் நடத்தும் நண்பர்கள் இதுபற்றி என்ன நினைக்கிறார்கள் என அறிய விழைகிறேன்.